பேட்டரி கோளாறுன்னு ஒரு சீட்டு

நீங்க எத்தனாவது டோக்கன் சார்? பதினாலா? நான் பதினொண்ணு. என் மெஷினை உள்ள எடுத்துட்டுப் போயி முக்கா மணி நேரமாச்சு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் கடைக்காரர், ஷாகுல் பாய். பொறுமையான மனுஷன்தான். ஆனா இன்னிக்கு புதன்கிழமை, பன்னெண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள என் கையில ஒரு சீட்டு வந்துட்டா போதும்.

ரிப்பேருக்குக் கூட நான் வரலை சார். சீட்டுக்குத்தான் வந்திருக்கேன். 'இந்த லேப்டாப்புல பேட்டரி கெட்டுப்போச்சு, அதனாலதான் திடீர் திடீர்னு அணையுது'ன்னு ரெண்டு வரி எழுதி, கீழ கடை சீல் அடிச்சுத் தரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அதைக் கொண்டுபோய்க் காட்டலைன்னா என் பொண்ணு கல்யாணம் நின்னுடும். சிரிக்காதீங்க சார். எனக்கே சிரிப்புத்தான் வருது, ஆனா மூணு நாளா சரியாத் தூங்கலை. சிரிக்கவும் தெம்பில்லை.

நான் முசிறியில ஜோசியம் பார்க்குறேன். தாண்டவமூர்த்தின்னு பேரு. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. 'அணையுற மெஷின் ஜோசியர்'னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரரே கொண்டாந்து விட்டுடுவாரு. அந்தப் பேரை நானா வெச்சுக்கலை சார். ஊரா வெச்சுது. நான் வேணாம்னு சொல்லலை, அவ்வளவுதான்.

மெஷின் என் பொண்ணு காலேஜ் படிக்கிறப்ப வாங்கினது. எட்டு வருஷம் இருக்கும். அவ படிச்சு முடிச்சு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப்ல வேலைக்குச் சேர்ந்ததும் அது எனக்கு வந்துடுச்சு. அவ பேரு ரேணுகா. சுவாதி நட்சத்திரம், ரெண்டாம் பாதம், 'ரே'யில ஆரம்பிக்கணும்னு நானே பார்த்து வெச்ச பேரு. அவதான் ஜாதகம் போடுற சாஃப்ட்வேரை ஏத்திக் குடுத்து, எதை எங்க அமுக்கணும்னு சொல்லிக்குடுத்தா. கையால கணிச்சா ஒரு ஜாதகத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் சார். இதுல பிறந்த தேதி, நேரம், ஊரு, மூணையும் அடிச்சா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள கட்டம் வந்துடும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பங்குனியில தொட்டியம் பக்கத்துலேருந்து ஒரு குடும்பம் வந்தாங்க. பொண்ணு ஜாதகம், பையன் ஜாதகம் ரெண்டையும் ஏத்திட்டேன். அன்னிக்கு கரண்ட் இல்லை, மாசத்துக்கு ஒருநாள் லைன் வேலைன்னு நிப்பாட்டுவாங்கல்ல, அந்த நாளு. பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம்னு காட்டுது. தாராளமா போதும்னு நெனச்சு 'பொருத்தம்'ங்கிற எடத்துல அமுக்குறேன், பட்டுனு அணைஞ்சுடுச்சு. மங்கறது கிங்கறது எல்லாம் கெடையாது. திரை அப்படியே கறுப்பாயிடுச்சு.

அந்தப் பொண்ணோட அம்மா எழுந்து நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "சாமியே வேணாங்குது, கெளம்புங்க"ன்னாங்க. பேட்டரிம்மா, வெறும் பேட்டரின்னு என் வாய் வரைக்கும் வந்துடுச்சு சார். ஆனா எல்லாரும் என்னையே பார்க்குறாங்க. முப்பது வருஷம் ஜோசியம் பார்த்திருக்கேன், ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கிட்டேன்.

ரெண்டே மாசத்துல அந்தப் பையனுக்கு ஈரோட்டுல ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான், பத்திக்கிச்சு. லால்குடி, குளித்தலை, நாமக்கல் வரைக்கும் ஆளு வர ஆரம்பிச்சாங்க. அணையலைன்னா சந்தோஷமாப் போவாங்க. அணைஞ்சா ஜாதகத்தை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போவாங்க. சகுனம்னு நான் ஒருநாளும் சொன்னதில்லை சார், சத்தியமா சொன்னதில்லை. அவங்களா சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லலை, அவ்வளவுதான்.

ரேணுகாவுக்குத்தான் இது சுத்தமாப் பிடிக்கலை. எதையோ தட்டி, கணக்கு மாதிரி ஒண்ணு எடுத்துக் காட்டினா. "இது புதுசா இருந்தப்ப எவ்வளவு தாங்குச்சோ அதுல கால்வாசிகூட இப்பத் தாங்கலைப்பா. முப்பத்தெட்டுன்னு காட்டுறது பொய். உள்ள ஒண்ணும் இல்லை. லேசான வேலைன்னா ஓட்டிக்கிட்டே இருக்கும், கொஞ்சம் கஷ்டமான வேலை குடுத்தா விழுந்துடும்"னா. பொருத்தம் போடுறப்பவும் பிரிண்ட் எடுக்குறப்பவும்தான் மெஷினுக்கு இழுவை ஜாஸ்தியாம். அதான் சரியா அந்த நேரம் பார்த்து அணையுதாம்.

அவ பண்ணாத வைத்தியம் இல்லை. ஒருநாள் முழுக்க இறங்கவிட்டு, ஒருநாள் முழுக்க ஏத்திப் பார்த்தா. திரை வெளிச்சத்தைக் கொறைச்சு வெச்சா. சார்ஜரை மாத்தினா. உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டு மறுபடி ஏத்தினா. ஆயுத பூஜைக்கு நான் வெச்ச சந்தனம் காத்து போற ஓட்டையில காய்ஞ்சு கெடந்துச்சு, அதைக் குண்டூசியால நோண்டி எடுத்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. எதுக்கும் சரியாகலை. கடைசியில பேட்டரியே உப்பிக்கிட்டு, விரல் தேய்க்கிற பலகை மேல தூக்கிடுச்சு. சார்ஜர் போட்டிருந்தா மட்டும் அணையாது. அதனால மூடி மேல பேப்பர்ல எழுதி ஒட்டியே வெச்சா, 'சார்ஜர் இல்லாம தொடக்கூடாது'ன்னு. நான்தான் சமயத்துல மறந்துடுவேன்.

மறந்துதான் போவேன் சார். அப்படிப் பார்க்காதீங்க.

புது பேட்டரி போட்டுடலாம்ப்பான்னு அவ சொல்லாத நாள் இல்லை. இருக்கட்டும்மா, பார்ப்போம்னு நான் சொல்லாத நாளும் இல்லை.

போன வைகாசியில ஒண்ணு நடந்துச்சு. அமுதவல்லின்னு ஒரு பொண்ணு, ரேணுகாகூட பள்ளிக்கூடத்துல படிச்சவ. அவளுக்கு ஒரு நல்ல எடம் வந்துச்சு. பையனும் பொண்ணும் பேசிப் பிடிச்சுப்போயி, வெத்தலை பாக்கு மாத்தறதுக்கு முன்னாடி பேருக்கு ஒரு பொருத்தம் பார்த்துடலாம்னு ரெண்டு குடும்பமும் என்கிட்ட வந்தாங்க. அணைஞ்சுடுச்சு. அப்புறம் கையாலயும் போட்டேன், பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்துச்சு. சொல்லவும் சொன்னேன். யாரு கேக்குறாங்க? பையனோட அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு எறங்கிட்டாரு.

மறுநாள் அந்தப் பொண்ணு எங்க வீட்டு அடுப்படியில ரேணுகா பக்கத்துல உக்காந்து அப்படி அழுதுச்சு. அது போனப்புறம் இவ என்கிட்ட வந்து, "அவங்க வீட்டுக்குப் போய் பேட்டரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கப்பா"ன்னா. நான் என்ன சொல்ல முடியும்? இது பேட்டரின்னா அந்தத் தொட்டியம் விஷயமும் பேட்டரின்னு ஆயிடும்ல? மூணு வருஷமா வந்து போனவங்க எல்லாம் என் சட்டையைப் பிடிக்க மாட்டாங்களா? அதைத்தான் சொன்னேன். நாலு நாளு என்கூடப் பேசலை. தட்டைக் கொண்டாந்து வெப்பா, போயிடுவா.

அப்புறம் ஆடி மாசம் வந்துச்சு. ஆடியில எவனும் பொருத்தம் பார்க்க வரமாட்டான், மெஷின் சும்மாதான் கெடக்கும். "குடுங்கப்பா, திருச்சியில சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பாய் கடை இருக்கு, சுத்தம் பண்ணிட்டு வர்றேன்"னு எடுத்துட்டுப் போனா. இதே கடைதான். ஆவணியிலேருந்து பாருங்க சார், ஒரு தடவைகூட அணையலை. தூசி தட்டினதுல சரியாயிடுச்சு போலன்னு நெனச்சேன். வந்தவங்க எல்லாம் மெஷின் சம்மதிச்சுடுச்சுன்னு சந்தோஷமாப் போனாங்க. கூட்டமும் கொஞ்சம் கொறைஞ்சுச்சு. அணையாத மெஷின் ஊருக்கு நாலு இருக்குல்ல?

இப்ப என் பொண்ணு கதைக்கு வர்றேன்.

துறையூர் பக்கம் ஒரு எடம் வந்துச்சு. சொந்தமா ரைஸ் மில்லு, ஒரே பையன், நவநீதன்னு பேரு. தங்கமான குடும்பம். கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகவேணாம்னு சொன்னாங்க. நல்லதுதானே, உக்காந்து சாப்பிடலாம்ல? என் சம்சாரம் கலாவதிக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ரேணுகாகூட ஒருநாள் வந்து, "வேலைய விடச் சொல்றாங்கப்பா"ன்னா. நான் அப்ப பிளக்கைச் சொருகிட்டு இருந்தேன், அந்தப் பிளக்கு லூசு. "அதெல்லாம் பேசிக்கலாம்மா, இதைக் கொஞ்சம் அமுக்கிப் பிடி"ன்னேன். பிடிச்சா. பாவம், எந்த வேலை சொன்னாலும் செய்வா.

இன்னொரு நாளும் ஏதோ சொன்னா. "எனக்கு அந்த எடம் வேணாம்ப்பா"ன்னுதான் சொன்னான்னு நெனக்கிறேன். பொண்ணுங்க எல்லாம் மொதல்ல அப்படித்தான் சார் சொல்லும். அன்னிக்கு பிரிண்டர்ல வேற பேப்பர் மாட்டிக்கிச்சு.

சொந்த வீட்டு ஜாதகத்தை ஜோசியக்காரன் பார்க்கக்கூடாது, பாசம் கண்ணை மறைச்சுடும்னு எங்க தொழில்ல ஒரு வழக்கம். அதனால தெரிஞ்ச ஜோசியர் ஒருத்தர்கிட்ட குடுத்துப் பார்த்தேன், பத்துக்கு எட்டுன்னாரு. அதோட முடிஞ்சிருக்கணும். பையனோட தாய்மாமன் சுந்தரேசன்னு ஒருத்தர், அவர்தான் அந்த வீட்டுல எல்லாம். "ஊருக்கெல்லாம் உங்க மெஷின்ல பார்க்குறீங்க, உங்க பொண்ணுக்கு மட்டும் வேற ஆளா? மெஷின்ல போடுங்க"ன்னுட்டாரு. சரின்னேன். அஞ்சு மாசமா அணையாத மெஷின்தானே.

போன ஞாயித்துக்கிழமை வந்தாங்க. பழம், பூ, வெத்தலையெல்லாம் தட்டுல வெச்சாச்சு. சார்ஜரை நானே சொருகினேன், கரண்ட் இருந்துச்சு, நானே ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு ஜாதகமும் ஏத்தியாச்சு. அமுக்கப் போறேன், சுந்தரேசன் கையைத் தடுத்து, "பொண்ணே வந்து அமுக்கட்டும்"ங்கிறாரு. காபி குடுத்துட்டு நின்ன ரேணுகா என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன். வந்து குனிஞ்சா. மெஷினோட மூலையில விரலை வெச்சா. பாவம், பயம் போல, வெச்ச விரலை எடுக்கவே இல்லை சார், நாலஞ்சு செகண்டு அப்படியே அமுக்கிக்கிட்டே நின்னா.

பட்டுனு அணைஞ்சுடுச்சு.

கரண்ட் இருக்கு, சார்ஜர் இருக்கு, அப்படியும் அணையுதுன்னா பேட்டரி எவ்வளவு மோசமாப் போயிருக்கணும் பாருங்க. சுந்தரேசன் எழுந்துட்டாரு. நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். "பேட்டரிங்க, வெறும் பேட்டரிங்க, எட்டு வருஷத்து மெஷினுங்க"ன்னு கத்துறேன். மூணு வருஷத்துல மொத மொதல்ல வாயைத் தொறந்து சொல்றேன் சார். "ஊரான் பொண்ணுக்கு சாமி, உங்க பொண்ணுக்கு பேட்டரியா?"ன்னு கேட்டாரே பாருங்க.

பையனோட அம்மாவுக்கு இந்த எடத்தை விட மனசில்லை. அவங்க சொல்லித்தான் அவரு எறங்கி வந்தாரு. "ஒரு கடையில காட்டி, பேட்டரிதான் கோளாறுன்னு சீல் போட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா மேற்கொண்டு பேசுவோம், இல்லைன்னா மண்ணச்சநல்லூர்லேருந்து வந்திருக்கற இன்னொரு பொண்ணு ஜாதகத்தை எடுத்துடுவோம்"னாரு. அதுக்குத்தான் சார் இந்தச் சீட்டு. ஊருக்கே எழுதிக் குடுக்குறவன் நான், ஒரு மெக்கானிக்கிட்ட எழுதி வாங்க வந்து உக்காந்திருக்கேன்.

காலையில பையைத் தூக்குறப்ப ரேணுகா, "அந்தக் கடைக்கேவா போறீங்க? இங்கயே யார்கிட்டயாவது காட்டுங்களேன்ப்பா"ன்னா. எனக்கு அலைச்சல் வேணாம்னு பார்க்குறா. அப்பா மேல அவ்வளவு பாசம். அப்புறம் பஸ் ஸ்டாப்புக்கே ஓடி வந்துட்டா. ஏதோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்துச்சு. பஸ் வந்துடுச்சு. சாயங்காலம் பேசிக்கலாம்மான்னு ஏறிட்டேன்.

இருங்க, பாய் கூப்பிடுறாரு. என் பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க சார்.

நீங்க இன்னும் உள்ள போகலையா? கொஞ்சம் நகருங்க சார், உக்காந்துக்கிறேன். தண்ணி இருந்தா குடுங்க.

மெஷினைத் திறந்து வெச்சிருக்காரு. "பேட்டரிக்கு என்ன சார்? புதுசு. ஆடி மாசம் உங்க பொண்ணு வந்து மாத்திட்டுப் போனாங்களே, தெரியாதா?"ன்னு கேட்டாரு. தொண்ணூத்தாறு சதவீதம் நல்லா இருக்காம். பழசு உப்பிப்போனது, அவ கண்ணு முன்னாடியே கழட்டித் தனியா வெச்சாராம். சுத்தம் பண்றேன்னுதானே சொல்லிட்டுப் போனா?

அப்ப ஞாயித்துக்கிழமை ஏன் பாய் அணைஞ்சுதுன்னு கேட்டேன். எதையோ தட்டினாரு. தேதி, மணி, நிமிஷம் வரைக்கும் அதுல வருது சார். "தானா அணையலை சார். மூலையில இருக்கற பவர் பட்டனை யாரோ அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. அஞ்சு செகண்டு விடாம அமுக்கினா எந்த மெஷினும் அணையும். மெஷினே குறிச்சு வெச்சிருக்கு பாருங்க"ன்னாரு.

யாரோவாம்.

நான் பக்கத்துலதான் சார் நின்னேன். அந்த விரலைப் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். பயத்துல நடுங்குதுன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா, அந்த விரல் நடுங்கவே இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பெத்த அப்பன்கிட்ட, எனக்கு வேணாம்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா நான் கேக்க மாட்டேனா?

சொன்னாதான். நான் பிளக்கைப் பிடிக்கச் சொன்னேன். மறுபடியும் சொன்னா. நான் பேப்பரை உருவிக்கிட்டு இருந்தேன். உங்ககிட்ட நானேதான் இப்பச் சொன்னேன், இல்லையா சார்? நீங்க கவனிச்சிருப்பீங்க. எனக்குத்தான் இப்ப உறைக்குது. மனுஷன் பேச்சைக் கேக்க மாட்டாங்க, மெஷின் அணைஞ்சாதான் கேப்பாங்கன்னு அவளுக்கு நான்தான் கத்துக்குடுத்திருக்கேன்.

ஏன் சார், என்ன விஷயம்னு பாய் கேட்டாரு. சொன்னேன். "இவ்வளவுதானா, நான் பேட்டரி கோளாறுன்னே எழுதித் தர்றேன் சார், ஒரு கல்யாணம் நடக்கும்னா எனக்கென்ன, ரெண்டு வரிதானே"ன்னாரு. பேனாவைக்கூட எடுத்துட்டாரு. அந்த ரெண்டு வரிக்குத்தான் சார் காலையில ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன். அதை வாங்கிட்டுப் போனா வெள்ளிக்கிழமை கல்யாணம் உறுதி. கலாவதி சாமிக்கு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

எனக்கு அமுதவல்லி ஞாபகம்தான் வந்துச்சு. இந்தச் சீட்டை அந்தப் பொண்ணுக்கு நான் குடுத்திருக்கணும். அப்ப பேட்டரி நெசமாவே கெட்டுப்போயிருந்துச்சு. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இப்பக் குடுத்து என்ன பண்ண, அந்தப் பையனுக்கு ஆவணியிலயே வேற எடத்துல முடிஞ்சிருச்சு.

"உள்ளதை எழுதுங்க பாய், பேட்டரி நல்லா இருக்குன்னு எழுதுங்க"ன்னு சொல்லிட்டேன். பட்டனைப் பத்தி மட்டும் எழுத வேணாம்னேன். அவரு அப்படியே எழுதி சீல் வெச்சாரு. இதோ பாருங்க, மை இன்னும் காயலை. மணி பன்னெண்டு இருபது, நல்ல ராகு காலத்துலதான் வாங்கியிருக்கேன். சுந்தரேசன்கிட்ட காட்டினா, பேட்டரி நல்லா இருந்தும் அணைஞ்சுதா, அப்ப சாமிதான்னு மண்ணச்சநல்லூருக்குப் போயிடுவாரு. போகட்டும். ஊருல என் மெஷினுக்கு இன்னும் பேரு ஏறும். அதை நெனச்சாத்தான் அசதியா இருக்கு. முன்னாடி அணைஞ்சதெல்லாம் வெறும் பேட்டரிதான்னு இந்தத் தடவை ஊருக்கு வாயைத் தொறந்துதான் ஆகணும். எப்படித் தொறக்கப்போறேன்னு தெரியலை.

போன் அடிக்குது. வீட்டுலேருந்துதான். ஒரு நிமிஷம் சார்.

கலாவதி, ஆங், வாங்கிட்டேன். வாங்கிட்டேன்னு சொல்றேன்ல. வந்து சொல்றேன். ரேணுகா லேப்புக்குப் போயிட்டாளா? போகலையா? போனை அவகிட்ட குடு. நீ குடு, நான் பேசணும்.

ரேணுகா? அப்பாதாம்மா. கடைக்காரர் எல்லாம் சொல்லிட்டாரு. இல்லை, இல்லைம்மா, திட்டறதுக்குக் கூப்பிடலை. நீ அழாத. காலையில பஸ் ஸ்டாப்புல ஏதோ சொல்ல வந்தியே, நான் பஸ் ஏறிட்டேன்ல. அதை இப்பச் சொல்லும்மா. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன், கையில ஒரு வேலையும் இல்லை. சொல்லு, கேக்குறேன்.